கோபக்காரரா, வம்பரா, ஏமாற்றுக்காரரா? இணையத்தில் விற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அண்ணி சேலம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் சேலை எடுத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறார். பார்சல் ஒட்டுவது, கணக்குப் பார்ப்பது, கமெண்டுகளுக்குப் பதில் போடுவது எல்லாம் என் பொறுப்பு. தொழில் தொடங்கிய முதல் ஆடி மாதம், இரவு பதினொரு மணிக்கு ஒரு கமெண்ட் வந்தது. "ஃப்ராடு பேஜ். யாரும் வாங்காதீங்க." அவ்வளவுதான். ஆர்டர் விவரம் இல்லை, பெயர் இல்லை, புரொஃபைல் படத்தில் ஒரு ரோஜாப்பூ. பகல் முழுக்கப் பார்சல் ஒட்டிய அலுப்பில், "வாங்காதவங்க எல்லாம் வந்து கதை சொல்ல வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் அதன் கீழே ஒரு ஊரே கூடியிருந்தது. அவர் வாங்கியவர்தான். மாம்பழ மஞ்சள் கேட்டவருக்கு ராமர் பச்சையை அனுப்பியிருக்கிறேன். மூன்று முறை வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். நாங்கள் அந்தப் பழைய எண்ணைப் பார்ப்பதையே விட்டிருந்தோம். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, விசாரிச்சுட்டுத் திட்டியிருக்கக் கூடாதா?"

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து வருவது. சேலைக்குப் பதில் நீங்கள் முறுக்கு விற்கலாம், மெஸ் நடத்தலாம், தையல் வகுப்பு எடுக்கலாம். வருகிற ஆட்கள் ஒரே ரகம்தான்.

படி 1: வந்தவர் யார் என்று பிரியுங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. மூன்று வகை ஆட்கள் உண்டு. கோபக்காரர், வம்பர், ஏமாற்றுக்காரர். மூவரும் ஒரே மாதிரி வார்த்தைகளை எழுதுவார்கள் என்பதுதான் சிக்கல். "ஃப்ராடு" என்ற சொல்லை மூவரிடமிருந்தும் வாங்கியிருக்கிறோம்.

கோபக்காரருக்குத் தேவை தீர்வு. சேலை மாற வேண்டும், அல்லது பணம் வர வேண்டும். அது கிடைத்ததும் அமைதியாகிவிடுவார். வம்பருக்குத் தேவை உங்கள் கோபம். இவரைத்தான் ஆங்கிலத்தில் ட்ரோல் என்பார்கள். அந்தச் சொல் எப்படி வந்தது என்று சொல்லும்போது, பலரும் மீன்பிடியைக் காட்டுவார்கள். படகை மெதுவாக ஓட்டியபடி, பின்னால் தூண்டிலை நீருக்குள் இழுத்துக்கொண்டே போகும் முறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. இரை நகர்ந்துகொண்டே இருக்கும், ஏதாவது ஒரு மீன் கவ்வும். நாம் பதில் போட்டால் கவ்விவிட்டோம் என்று அர்த்தம். ஏமாற்றுக்காரருக்குத் தேவை உங்கள் பணமோ பொருளோ. திட்டுவது அவருக்கு வெறும் கருவி.

மோசமாக நடந்துகொள்ளும் வாடிக்கையாளர்களை வகை பிரிப்பது புதிதல்ல. சேவைத் துறை மார்க்கெட்டிங் பேராசிரியர் கிறிஸ்டோபர் லவ்லாக் 1994-இல் இவர்களுக்கு 'ஜேகஸ்டமர்' என்று பெயர் வைத்தார். சிக்னலை மதிக்காமல் குறுக்கே நடப்பவரை ஆங்கிலத்தில் 'ஜேவாக்கர்' என்பார்கள், அதிலிருந்து பிறந்த பெயர். திருடுபவர், விதியை மீறுபவர், கத்துபவர், கடைக்குள்ளேயே குடும்பச் சண்டை போடுபவர், பொருளை நாசம் செய்பவர், காசு கொடுக்காமல் நழுவுபவர் என்று ஆறு பேரைப் பட்டியலிட்டார். இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எழுதியது. குடும்பச் சண்டையைத் தவிர மற்ற ஐவரையும் எங்கள் டிஎம்-இல், அதாவது இன்ஸ்டாகிராமின் தனிச் செய்தியில், பார்த்தாயிற்று.

எப்படிப் பிரிப்பது? நான் மூன்று விஷயம் பார்ப்பேன். ஒன்று, குறிப்பான தகவல் இருக்கிறதா. "பார்டர் சாயம் போகுது" என்பது புகார். "இவங்க மூஞ்சியே சரியில்ல" என்பது வம்பு. இரண்டு, "ஆர்டர் விவரம் அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்று கேட்டால் என்ன செய்கிறார். கோபக்காரர் உடனே அனுப்புவார், சில சமயம் பத்துப் படங்களோடு. வம்பர் பேச்சை மாற்றுவார். ஏமாற்றுக்காரர் அவசரப்படுத்துவார். "முதல்ல பணத்தைப் போடு, அப்புறம் பேசலாம்." மூன்று, அந்தக் கணக்கு. நேற்றுத் திறந்ததா, இதே வாசகத்தை வேறு பக்கங்களிலும் போட்டிருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். ஆனால் புரொஃபைல் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் பாதிப் பெண்கள் சொந்தப் படம் வைப்பதில்லை, அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. ரோஜாப்பூவைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

சந்தேகம் வந்தால் கோபக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வம்பரைக் கோபக்காரர் என்று நினைத்தால் இரண்டு வரி மரியாதை வீணாகும், அவ்வளவுதான். கோபக்காரரை வம்பர் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. "ஏன் விலையை டிஎம்-இல்தான் சொல்வீர்களா?" என்று நக்கலாகக் கேட்பவர்களை விற்பவர்கள் பலரும் ட்ரோல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது நியாயமான கேள்வி. விலையைப் பதிவிலேயே போட்டுவிடுங்கள். எங்களுக்கு வந்த நக்கலில் கணிசமான பகுதி அதோடு நின்றுபோனது.

படி 2: ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

நேரில் வந்தால் "இந்த பார்டர் கொஞ்சம் மங்கலா இருக்கேம்மா" என்று இழுப்பவர், போனில் ஏன் அப்படிப் பாய்கிறார்? உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் இதை விளக்கினார். முகம் தெரியாது, எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பதில் உடனே வராது. இவை சேரும்போது மனிதருக்குள் இருக்கும் கூச்சம் கழன்றுவிடுகிறது. 2014-இல் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று, ட்ரோல் செய்வதை ரசிப்பவர்களிடம் பிறர் வலியில் இன்பம் காணும் குணம் தூக்கலாக இருப்பதைக் கண்டது. அப்படிப்பட்டவரைத் திருத்த உங்களால் முடியாது. முயலவும் வேண்டாம்.

ஆனால் எனக்கு உதவியது 2017-இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் கண்டது. சாதாரண ஆட்களும் ட்ரோல் ஆவார்கள். ஏற்கெனவே மனநிலை கெட்டிருந்து, மேலே உள்ள கமெண்டுகளும் மோசமாக இருந்தால், அடுத்து எழுதுபவரும் அதே தடத்தில் போகும் வாய்ப்பு கூடுகிறது. குப்பை கிடக்கும் முனையில்தான் எல்லோரும் குப்பை போடுவார்கள், அதே கணக்கு. ஆகவே பதிவு போட்ட முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். முதல் சில கமெண்டுகளுக்கு நல்லபடியாகப் பதில் போய்விட்டால் கீழே வருபவர்கள் தானாகவே அடக்கி வாசிக்கிறார்கள். லைவ் போடும்போது இது இன்னும் முக்கியம்.

படி 3: சண்டை வருவதற்கு முன்பே வேலி போடுங்கள்

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். பின்னால் வரும் படிகளில் பாதி தேவைப்படாமல் போகும்.

முதலில் விதிகள். பயோவிலும், ஹைலைட்டிலும், ஆர்டர் உறுதியானதும் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலும் ஒரே வாசகம் இருக்கட்டும். எத்தனை நாளில் அனுப்புவீர்கள், மாற்றித் தருவீர்களா, எந்தக் குறைக்கு, எத்தனை நாளுக்குள், கூரியர் செலவு யாருடையது. "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று ஒரே வரியில் கதவைச் சாத்தாதீர்கள். டேமேஜ் ஆன பொருளையோ தவறான பொருளையோ அனுப்பிவிட்டு அந்த வரியைக் காட்டினால் நுகர்வோர் ஆணையத்தில் அது நிற்காது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளே குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன.

பார்சல் ஓப்பனிங் வீடியோ கேட்பது இப்போது எல்லோரும் செய்வது. கேளுங்கள், ஆனால் அது உங்கள் பக்கமும் இருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு சேலையையும் மடிக்கும் முன் விரித்து, முந்தி, பார்டர், முகவரி ஒட்டிய கவர் மூன்றும் தெரிய இருபது விநாடி வீடியோ எடுக்கிறோம். தேதி வாரியாக மூன்று மாதம் வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் வீடியோ எடுக்க மறந்திருந்தாலும் எங்கள் வீடியோவைப் பார்த்தே தவறு யாருடையது என்று தெரிந்துவிடும். பல முறை அது எங்களுடையதாகத்தான் இருந்தது.

நிற வேறுபாடு சேலைத் தொழிலின் தீராத நோய். ரிங்லைட்டில் எடுத்தால் மயில் கழுத்து நிறம் நீலமாகத் தெரியும், வெயிலில் பச்சையாகும். இரண்டு வெளிச்சத்திலும் எடுத்துப் போடுங்கள். உணவு விற்பவர்களுக்கு இதே நோய் 'அளவு' என்ற பெயரில் வரும். படத்தில் தட்டு நிறைய இருக்கும், டப்பாவில் பாதிதான் இருக்கும். கிராம் கணக்கைப் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, வடிகட்டி. இன்ஸ்டாகிராமில் 'ஹிடன் வேர்ட்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் சொற்கள் உள்ள கமெண்டும் செய்திக் கோரிக்கையும் தானாக மறைந்துவிடும். யூடியூபிலும் 'பிளாக்டு வேர்ட்ஸ்' உண்டு. நம் மொழி வசவுகளை இவை தாமாகப் பிடித்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். நீங்களே பட்டியல் போட வேண்டும். தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து ஒன்று, நடுவில் புள்ளியோ நட்சத்திரமோ வைத்து ஒன்று, ஒற்றெழுத்தை விட்டு ஒன்று. ஒரு வசவுக்குக் குறைந்தது நான்கு வடிவம். இந்தப் பட்டியலைத் தயாரித்த அன்று நானும் என் நண்பனும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதியதைப் பார்த்து, டீ மாஸ்டர் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். ஜாதிப் பெயர்களையும், உடம்பையும் நிறத்தையும் பற்றிய கேலிச் சொற்களையும் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 4: கோபக்காரருக்குப் பதில் எழுதுவது

முதல் விதி, கமெண்ட் பெட்டியிலேயே நேராக எழுதாதீர்கள். நோட்டிலோ வேறு ஆப்பிலோ எழுதுங்கள், ஒரு தண்ணீர் குடியுங்கள், பிறகு ஒட்டுங்கள்.

பதிலில் மூன்று விஷயம் போதும். அவர் சொன்ன குறையை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்வது, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது, எப்போது என்பது. எடுத்துக்காட்டாக: "மேடம், மஞ்சளுக்குப் பதில் பச்சை வந்ததாகச் சொல்கிறீர்கள். பேக்கிங் வீடியோவைப் பார்த்தேன், தவறு எங்களுடையது. மஞ்சள் நாளைக்கே கிளம்பும், பச்சையைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் எங்களுடையது." தவறு யாருடையது என்று தெரியாத நிலையில், "வீடியோவைப் பார்த்துவிட்டு இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்கிறேன்" என்று எழுதி, ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்ற வாசகத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் படித்து யாரும் சமாதானம் ஆனதில்லை. "டிஎம் பண்ணுங்க" என்று மட்டும் எழுதுவதும் மோசம். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

'சிஸ்', 'அக்கா', 'மேடம்' என்று எப்படி அழைப்பது என்பதில்கூடக் கவனம் வேண்டும். வாங்கும்போது "சிஸ்" என்று கொஞ்சிவிட்டு, புகார் வந்ததும் "மேடம்" என்று விலகினால் அது உறைக்கும். எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழையுங்கள்.

இந்தப் பதில் அவருக்கு மட்டும் எழுதுவதல்ல. ஒரு புகாரை எழுதுபவர் ஒருவர்தான், அதைப் பேசாமல் படித்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் பல பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறீர்கள். ஹோட்டல் ரிவ்யூக்களை வைத்து புரோசெர்பியோ, ஸெர்வாஸ் என்ற ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு ரிவ்யூ எண்ணிக்கை சுமார் 12 சதவீதம் கூடியது, சராசரி மதிப்பீடு 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. சிறிய எண்தான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் சுவாரசியமானது. நிர்வாகம் படிக்கிறது, பதில் சொல்கிறது என்று தெரிந்ததும், போகிறபோக்கில் இரண்டு வரியில் திட்டுபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேலில் இருந்த எமிஸ் பேக்கிங் கம்பெனி உணவகத்தைச் சொல்வார்கள். 2013-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு விமர்சனங்கள் குவிந்தன. அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து வாடிக்கையாளர்களைத் திட்டிப் பதிவுகள் வரிசையாகக் கிளம்பின. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள், நம்பியவர்கள் குறைவு. சமையலைக் குறை சொன்ன நிகழ்ச்சியைப் பார்த்தவர்களைவிட இந்தச் சண்டையை வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

படி 5: வம்பரைக் கையாள்வது

இது சுலபம், ஏனென்றால் செய்ய வேண்டியது குறைவு. பதில் போடாதீர்கள். பிளாக் செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெற்றிக் கொடியாக வேறு இடத்தில் ஏற்றுவார். எனவே முதலில் இன்ஸ்டாகிராமின் 'ரெஸ்ட்ரிக்ட்'. அவர் எழுதும் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு நீங்கள் அனுமதித்தால்தான் தெரியும். அவர் காலி மைதானத்தில் கத்திக்கொண்டிருப்பார். யூடியூபில் 'சேனலிலிருந்து மறை' என்பதும் இதே வேலையைச் செய்யும். கூட்டமாக வந்து தாக்கினால் இன்ஸ்டாகிராமின் 'லிமிட்' வசதியைச் சில நாளைக்குப் போடுங்கள். உங்களைப் பின்தொடராதவர்களும் நேற்றுப் பின்தொடரத் தொடங்கியவர்களும் அடங்கிவிடுவார்கள். பிளாக் கடைசி.

அழிப்பதில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். வசவு, ஜாதி, ஆபாசம், மிரட்டல், யாருடைய போன் எண்ணோ முகவரியோ இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அழியுங்கள். பொருளைப் பற்றிய குறையை, எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அழிக்காதீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மூட முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு 'ஸ்ட்ரைசாண்ட் எஃபெக்ட்' என்று பெயரே இருக்கிறது. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2003-இல் தன் கடலோர வீடு தெரியும் ஒரு வான்படத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். வழக்குக்கு முன்னால் அந்தப் படத்தை மொத்தம் 6 முறைதான் இறக்கியிருந்தார்கள், அதிலும் 2 முறை அவருடைய வழக்கறிஞர்களே. வழக்குச் செய்தி பரவிய மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்க்கப் போனார்கள்.

லைவ் போடும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தனியாக லைவ் போடாதீர்கள். கமெண்டைப் பார்த்து நீக்க இன்னொருவர் மாடரேட்டராக இருக்கட்டும். அவர் வேறு அறையில் இருப்பது நல்லது, எதிரிலேயே இருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே கமெண்டில் ஏதோ வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அண்ணி லைவில் இருக்கும்போது நான் மாடிக்குப் போய்விடுவேன்.

படி 6: ஏமாற்றுக்காரரிடம் பொருளையும் பணத்தையும் காப்பது

பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட் என்பது பேமெண்ட் அல்ல. போலியாக அதை உருவாக்கும் ஆப்கள் புழங்குகின்றன. வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். யுபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும், அதை வாங்கி ஒப்பிடுங்கள். "ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் போட்டுட்டேன், ஒன்பதாயிரத்தைத் திருப்பிப் போடுங்க" என்று பதறும் குரல் வந்தால், வங்கிக் கணக்கைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். போலி எஸ்எம்எஸ்ஸை அவர்களே அனுப்பியிருப்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்பதை வீட்டில் போனைத் தொடும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சேலையை ஒரு முறை உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புவது அடுத்தது. முகூர்த்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து வரும் 'டேமேஜ்' புகாரை நாங்கள் நிதானமாகப் பார்ப்போம். ஃபால்ஸ் தைத்த அடையாளம், பின் குத்திய துளை, சாம்பிராணி வாசனை எல்லாம் கதை சொல்லும். இதற்காக இப்போது முந்தியோரம் ஒரு டேக் கட்டி அனுப்புகிறோம். டேக் அறுந்திருந்தால் மாற்ற முடியாது என்று முன்பே சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் பின்னால் பேசினால் சண்டைதான்.

சிஓடி-யில், அதாவது பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் முறையில், ஆர்டர் போட்டுவிட்டு வாங்காமல் விடுபவர்களால் போகவர இரண்டு கூரியர் செலவும் நம் தலையில்தான். பார்சல் இப்படி அனுப்பிய இடத்துக்கே திரும்புவதைக் கூரியர்காரர்கள் ஆர்டிஓ ('ரிட்டர்ன் டு ஆரிஜின்') என்பார்கள். பாதிப் பேர் மோசக்காரர்கள் அல்ல, மனம் மாறியவர்கள். கூரியர் கட்டணத்தை மட்டும் முன்பணமாக வாங்குங்கள். விளையாட்டுக்கு ஆர்டர் போடுபவர் அங்கேயே நின்றுவிடுவார்.

எல்லாவற்றிலும் மோசமானது, "பணம் தராவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்" என்பது. ஒரே இரவில் பத்து இருபது ஒற்றை ஸ்டார் விழும், பிறகு ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும், "நீக்கித் தருகிறோம், இவ்வளவு ஆகும்." கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதமும் வருவார்கள். செய்தியை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரிவ்யூவையும் கூகுள் பிசினஸ் கணக்கிலிருந்து தனித்தனியாகப் புகார் செய்யுங்கள். பிடிக்கவில்லை என்பதற்காகக் கூகுள் எதையும் எடுக்காது. போலி அனுபவம், சம்பந்தமில்லாத பேச்சு, வசவு, போட்டிக் கடைக்காரர் எழுதியது என்று எந்த விதியை மீறுகிறது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுத்தால் ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம். அதுவரைக்கும் ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: "இந்தப் பெயரில் எங்களிடம் ஆர்டர் பதிவு இல்லை, பில் எண் அனுப்பினால் பார்க்கிறோம்." படிப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

உங்கள் படங்களைத் திருடி, ஒரு எழுத்தை மாற்றிப் போலிப் பக்கம் திறந்து பணம் வாங்குபவர்களும் உண்டு. ஏமாந்த வாடிக்கையாளர் உங்களைத்தான் திட்டுவார், அவர் மேல் கோபப்படாதீர்கள். எங்கள் ஒரே கணக்கு இது, ஒரே எண் இது என்று பின் செய்து வையுங்கள்.

படி 7: ஆதாரமும் சட்டமும்

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியட்டும். கணக்கின் லிங்கையும் பதிவின் லிங்கையும் தனியாக எழுதி வையுங்கள், பெயரை மாற்றிவிடுவார்கள். செய்தி வந்த போனை ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது உதவும்.

"66ஏ-வில் உள்ளே போடுவேன்" என்று மிரட்டும் விற்பனையாளர்களை இன்னமும் பார்க்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று சொல்லிவிட்டது. எரிச்சலூட்டும் கமெண்ட் குற்றமல்ல. எது குற்றம்? பெண்ணைத் தொடர்ந்து தொல்லை செய்வது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் வரும். ஆபாசமாகப் பேசுவதற்கு 75, 79. பணம் பறிப்பது 308, மிரட்டல் 351. உங்கள் பெயரில் போலிப் பக்கம் நடத்தி ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி. அவதூறு 356, ஆனால் அதற்குப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியாது, நீங்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும். ஒரு ரிவ்யூவுக்காக அவதூறு வழக்குப் போடலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதே. உண்மையாக வாங்கி, உண்மையான குறையைச் சொன்னவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது சட்டப்படியும் வீண், ஸ்ட்ரைசாண்ட் கதைப்படியும் வீண்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது பணத்தை வங்கியில் முடக்க. மற்றதற்கு மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற தளங்கள் ஒவ்வொன்றுக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும் என்பது 2021 விதி. அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே முறையிடலாம்.

படி 8: நாமும் அதையே செய்யாமல் இருப்பது

ஒற்றை ஸ்டார் விழுந்ததும் சொந்தக்காரர்கள் பத்துப் பேரை வைத்து ஐந்து ஸ்டார் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சித்தப்பா மகன் ஐந்து ஸ்டாரோடு "சாப்பாடு அருமை" என்று எழுதினான். சேலைக் கடைக்கு. நல்லவேளை, அன்றே நீக்கச் சொன்னோம்.

விற்பவர் தன்னை வாடிக்கையாளர்போல் காட்டி ரிவ்யூ எழுதக் கூடாது என்று அதே 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. இணைய ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. போலிப் புகழ் எவ்வளவு மலிவு என்பதற்கு லண்டன் கதை ஒன்று இருக்கிறது. ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் 2017-இல் டல்விச் பகுதியில் தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களை வைத்தே ரிவ்யூ எழுதவைத்து, டிரிப்அட்வைசரில் லண்டனின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். உணவகமே கிடையாது. அதைப் படித்த பிறகு நட்சத்திரத்தைப் பார்த்துச் சாப்பிடப் போவதை நான் விட்டுவிட்டேன்.

உண்மையாகத் திருப்தி அடைந்தவர்களிடம் ரிவ்யூ கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். சேலை கட்டிப் படம் அனுப்புகிறவர்களிடம் அந்த நிமிடமே கேட்டுவிட வேண்டும். மறுநாள் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

படி 9: கமெண்ட் படிப்பவரைக் கவனியுங்கள்

பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஷிஃப்ட் போட்டு ஆட்கள் இருப்பார்கள். நம் வீட்டில் யார் முகத்தைக் காட்டி விற்கிறாரோ, அவர்தான் வசவையும் படிக்கிறார். இதை மாற்றுங்கள். வசவு யாரைப் பற்றியதோ அவர் அதைப் படிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் டிஎம் நான் படிக்கிறேன், அண்ணிக்குப் புகார் மட்டும் போகும், அதுவும் என் வாய் வழியாக. வாரம் ஒரு முறை நோட்டைத் திறந்து, வந்த புகார்களை எண்ணுவோம். ஒரே குறை மூன்று முறை வந்திருந்தால் அது வாடிக்கையாளர் பிரச்சினை இல்லை, எங்கள் பிரச்சினை. கூரியர் கவரை மாற்றியது அப்படித்தான்.

கடை போன் இரவு ஒன்பது மணிக்கு மேல் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடக்கும். ஆடித் தள்ளுபடி வாரத்தில் மட்டும் பத்து மணி வரை கையில் இருக்கும். சென்ற ஆடியில் பத்தேகாலுக்கு அது டொக் என்று சத்தம் போட்டது. நான் எழுந்தேன். அண்ணி மாவுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "ரோஜாப்பூவா இருந்தாலும் காலையில பார்த்துக்கலாம் தம்பி" என்றார்.